பழைய லினக்ஸ் கணினி திணறுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பார்ட்டிஷனைச் சரிசெய்யும் வழி

பழைய கணினியில் லினக்ஸ் போட்ட பிறகும் வேகம் வரவில்லை என்றால் பலரும் முதலில் பிராசசரைக் குறை சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய இயந்திரங்களில் பிராசசர் பாதி நேரம் சும்மாதான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தரவு வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காத்திருப்பில் ஒரு நல்ல பங்கை, பைசா செலவில்லாமல், பார்ட்டிஷனை (வட்டைப் பிரித்து வைத்த பகுதிகளை) மாற்றியமைத்தே குறைக்கலாம். ஆனால் எந்த அறிகுறிக்கு எந்த மாற்றம் என்று தெரியாமல் வட்டைப் பிரித்தால் நேரமும் வீண், தரவும் போகலாம்.

உதாரணத்துக்கு 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்த ஒரு மடிக்கணினியை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்த இயந்திரங்கள் ஏறக்குறைய இந்த ரகம்தான். விண்டோஸுடன், இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. இன்றும் பல வீட்டுப் பரண்களில் அவை கிடக்கின்றன. ஒரு பிள்ளை படிக்க, எழுத, நிரல் பழக அவை இன்னும் போதும்.

முதலில் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி எடுக்கிறது. வேண்டிய இடம், தரவைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிநொடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். மடிக்கணினி வட்டுகளில் அதற்குச் சுமார் 12 மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு 55 முறைதான் எடுக்க முடியும். ஒரு துண்டு 4 கேபி என்றால் நொடிக்குக் கால் எம்பிகூடத் தேறாது. அதே வட்டு வரிசையாகப் படித்தால் நொடிக்கு 80 எம்பி தரும். சுழலும் வேகத்தில் நாம் கை வைக்க முடியாது. தலை எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதில் கை வைக்கலாம். பார்ட்டிஷன் தீர்மானிப்பது அதைத்தான்.

இன்னொரு விஷயம்: வட்டின் வெளி ஓரத் தடங்கள் நீளமானவை, ஒரு சுற்றில் அதிகத் தரவைக் கொள்பவை. ஹார்ட் டிஸ்க்கின் முகவரிகள் வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போகின்றன. வட்டின் கடைசிப் பகுதியில் படிக்கும் வேகம் தொடக்கத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான்.

கை வைக்கும் முன்

பேக்கப் எடுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் இல்லையென்றால் படங்களையும் ஆவணங்களையும் மட்டுமாவது பென்டிரைவில் போட்டுவிடுங்கள். பார்ட்டிஷனை நகர்த்தும்போது கரண்ட் போனால் மீட்க முடியாமல் போகலாம். பேட்டரி போன மடிக்கணினியை யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள்.

அடுத்து, வட்டு நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். சாகும் நிலையில் உள்ள வட்டும் மந்தமாகத்தான் தெரியும்; அதைப் போய் பார்ட்டிஷன் பிரச்சினை என்று நினைத்து மணிக்கணக்கில் எழுத வைத்தால் அதன் ஆயுளை நாமே முடித்துவைப்போம். டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் தரவை (வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) திறந்தால் போதும். டெர்மினல் பழக்கம் இருந்தால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை. 5-ஆம் வரி, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (வட்டின் சிறு துண்டுகள்). 197-ஆம் வரி, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள். இவற்றின் மூல மதிப்பு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். 197-ல் எண் இருந்தாலோ, 5-ல் எண் ஏறிக்கொண்டே போனாலோ தரவை எடுத்துக்கொண்டு வட்டை மாற்றுங்கள். 199-ஆம் வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிளோ இணைப்போதான் தகராறு. கழற்றி மாட்டிப் பாருங்கள்.

அறிகுறி: நாலைந்து டேப் திறந்ததும் உறைந்துபோகிறது, வட்டு விளக்கு அணையாமல் எரிகிறது

மவுஸ் நகர்கிறது, எதைத் தொட்டாலும் பதில் இல்லை, ஒரு நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாக நடக்கிறது. காரணம் ஸ்வாப்: ரேம் போதாதபோது தரவைத் தள்ளிவைக்கும் வட்டுப் பகுதி. உறுதிசெய்ய டெர்மினலில் விஎம்ஸ்டாட் கட்டளையை 1 என்ற எண்ணுடன் ஓடவிட்டு, வழக்கம்போல உலாவியைத் திறந்து வேலை பாருங்கள். நொடிக்கு ஒரு வரி வரும். எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். முதல் பத்தி ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது, இரண்டாவது ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது. (முதல் வரியை விட்டுவிடுங்கள், அது கணினி தொடங்கியதிலிருந்து எடுத்த சராசரி.) உறையும் நேரத்தில் இரண்டு பத்திகளிலும் நூறு, ஆயிரம் என்று எண்கள் விடாமல் வந்து, டபிள்யூஏ பத்தி (பிராசசர் வட்டுக்காகக் காத்திருக்கும் நேரம், சதவீதத்தில்) 60, 70 என்று நின்றால் நோய் இதுதான்.

இப்போது வட்டின் அமைப்பைப் பாருங்கள். 17.04-க்கு முந்தைய உபுண்டு தானாகப் பிரித்தபோது ரூட்டை (சிஸ்டம் கோப்புகள் உள்ள பார்ட்டிஷன்) முன்னாலும் ஸ்வாப்பைக் கடைசியிலும் வைக்கும். விண்டோஸ் பக்கத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: விண்டோஸ் முன் பாதியில், லினக்ஸ் பின் பாதியில், ஸ்வாப் வட்டின் கடைக்கோடியில், அதாவது மிக மெதுவான தடங்களில். ஒரு டேப்பை மாற்றும்போது தலை ஸ்வாப்புக்கு ஓடுகிறது, நிரல் கோப்புக்காக ரூட்டுக்குத் திரும்புகிறது, உலாவியின் கேஷுக்காக (தற்காலிகச் சேமிப்பு) பயனர் கோப்புகள் உள்ள ஹோமுக்குப் போகிறது, மறுபடி ஸ்வாப்புக்கு. காதை வைத்துக் கேட்டால் இந்த ஓட்டம் கரகரவென்று கேட்கும்.

இதற்கு நான் முதலில் செய்வது இசட்ரேம். ரேமின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைத்து அதையே ஸ்வாப்பாகப் பயன்படுத்தும் வசதி இது. தலை நகரவே வேண்டாம். ஃபெடோரா 2020-ல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இதை இயல்பாகவே தருகிறது. டெபியன், உபுண்டுவில் இசட்ரேம்-டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் போதும். பழைய பிராசசருக்குச் சுருக்கும் முறையாக எல்இசட்4 நல்லது. சுருக்கம் கொஞ்சம் குறைவு, வேகம் அதிகம். ரேமில் பாதியளவு கொடுத்துத் தொடங்குங்கள். வட்டு ஸ்வாப்பை விட இதற்கு முன்னுரிமை எண் அதிகமாக இருக்க வேண்டும். ஸ்வாப்ஆன் கட்டளையை ஷோ தேர்வுடன் (ஆப்ஷன்) கொடுத்தால் கடைசிப் பத்தியில் அது தெரியும்.

அதன் பிறகு வட்டு ஸ்வாப்பை இடம் மாற்றுங்கள். இதற்குப் பார்ட்டிஷனை நகர்த்த வேண்டியதே இல்லை. கடைக்கோடி ஸ்வாப் பார்ட்டிஷனை ஸ்வாப்ஆஃப் செய்துவிட்டு, ரூட் பார்ட்டிஷனுக்குள்ளேயே 2 ஜிபி அளவில் ஒரு ஸ்வாப் கோப்பு உருவாக்குங்கள். டிடி கட்டளையில் பூஜ்ஜியங்களை எழுதி, அனுமதியை 600 ஆக்கி, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், கடைசியில், பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி. லினக்ஸின் மையமான கர்னல் 2.6 காலத்திலிருந்தே ஸ்வாப் கோப்பு பார்ட்டிஷனுக்கு நிகரான வேகத்தில்தான் இயங்குகிறது, ஏனென்றால் கர்னல் கோப்பு முறைமையைத் தாண்டி நேராக வட்டின் இடத்துக்கே போகிறது. கோப்பு துண்டு துண்டாகச் சிதறாமல் இருந்தால் போதும். ரூட்டில் தாராளமாக இடம் இருக்கும்போதே உருவாக்குங்கள். ரூட்டின் கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் என்றால் இந்த வழி அப்படியே பொருந்தாது, அதற்குத் தனி விதிகள் உண்டு. ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை வட்டில் சேமித்துக் கணினியை அணைப்பது) பயன்படுத்துபவர்கள் பழைய பார்ட்டிஷனை அப்படியே விட்டுவிடுவதே நிம்மதி.

இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ள மேசைக் கணினியாக இருந்தால் கதை இன்னும் சுலபம்: ரூட் ஒன்றில், ஸ்வாப் மற்றதில். இரண்டு தலைகளும் அவரவர் வேலையைப் பார்க்கும்.

அறிகுறி: ரேம் காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எதைத் திறந்தாலும் தாமதம்

விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் பூஜ்ஜியம், டபிள்யூஏ மட்டும் அதிகம். லிப்ரேஆபீஸ் முதல் முறை திறக்க அரை நிமிடம், மூடிவிட்டு உடனே திறந்தால் சட்டென்று வருகிறது. இரண்டாவது முறை கோப்புகள் ரேமிலேயே இருந்ததால் வந்த வேகம் அது. முதல் முறை தாமதத்துக்குக் காரணம் ரூட் இருக்கும் இடம்.

அளந்து பாருங்கள். எச்டிபார்ம் கட்டளையில் படிக்கும் வேகச் சோதனைக்கான டி தேர்வு இருக்கிறது. அதனுடன் ஆஃப்செட் தேர்வில் ஜிபி கணக்கில் ஓர் எண் கொடுத்தால் வட்டின் அந்த இடத்திலிருந்து அளக்கும். 0, 150, 290 என்று மூன்று இடத்திலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் படிப்படியாக இறங்குவதைப் பார்ப்பீர்கள். உங்கள் ரூட் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது என்று எல்எஸ்பிஎல்கே, எஃப்டிஸ்க் கட்டளைகளில் தெரியும்.

விண்டோஸை யாரும் தொடுவதில்லை என்றால் முடிவு எளிது: அதை எடுத்துவிட்டு முன் பகுதியை லினக்ஸுக்குக் கொடுங்கள். வேண்டும் என்றால் விண்டோஸுக்குள்ளிருந்தே அதைச் சுருக்குங்கள். அது இடத்தை வால்பக்கம்தான் விடும் என்பதால் கிடைக்கும் லாபமும் குறைவு.

இங்கே எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் செயலியில் ரூட்டைப் பிடித்து முன்னால் இழுக்காதீர்கள். தொடக்கப் புள்ளி மாறினால் உள்ளே இருக்கும் அத்தனை தரவையும் அது இடம் மாற்றி எழுத வேண்டும். பழைய வட்டில் பல மணி நேரம் ஆகும், நடுவில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதற்குப் பதிலாக முன் பகுதியில் புதிதாக ஒரு பார்ட்டிஷன் உருவாக்குங்கள். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, பழைய ரூட்டைப் புதிய பார்ட்டிஷனுக்குள் ஆர்சிங்க் கட்டளை கொண்டு நகலெடுங்கள். அனுமதிகள், ஹார்ட்லிங்குகள், நீட்டிப்புப் பண்புகள் எல்லாம் அப்படியே வரும் தேர்வுகளைச் சேர்க்க மறக்க வேண்டாம். எஃப்எஸ்டேப்பில் ரூட்டின் யுயுஐடியை (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) மாற்றி, பூட் செய்யும் நிரலான கிரப்பை மறுபடி நிறுவுங்கள். புதியது நன்றாகப் பூட் ஆகி ஒரு வாரம் ஓடட்டும். அப்புறம் பழையதை அழிக்கலாம். நகலெடுத்த கோப்புகள் வரிசையாக எழுதப்படுவதால் சிதறலும் குறைகிறது.

ரூட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? 30, 40 ஜிபி. அதற்கு மேல் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 மேல்மட்டக் கோப்புறைகளை வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று தள்ளி, பார்ட்டிஷன் முழுவதும் பரப்பி வைக்கும். ஒவ்வொன்றும் வளர இடம் இருக்கட்டும் என்ற எண்ணம். 300 ஜிபியில் ஒரே பார்ட்டிஷன் போட்டால் யுஎஸ்ஆர் கோப்புறை ஓரிடத்தில், வார் எங்கோ, ஹோம் வேறெங்கோ என்று ஆகிவிடும். 40 ஜிபிக்குள் அடைத்தால் எவ்வளவு பரப்பினாலும் தலை ஓடும் தூரம் அந்த 40 ஜிபிதான்.

இதையே பிடித்துக்கொண்டு யுஎஸ்ஆர், வார், டெம்ப் என்று ஆளுக்கொரு பார்ட்டிஷன் போடச் சொல்லும் பழைய ஆலோசனையை வீட்டுக் கணினியில் பின்பற்ற வேண்டாம். ஒரே வட்டில் அது தலையை அதிகம்தான் அலைய விடும். பல வட்டுகள் உள்ள சர்வருக்கான யோசனை அது.

அறிகுறி: பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கிறது

திரையில் "ஏ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார்" என்று ஒரு வரி, பக்கத்தில் 1 நிமிடம் 30 நொடியை நோக்கி ஓடும் கடிகாரம். பார்ட்டிஷன் வேலை முடித்த மறுநாள் பலர் இதைப் பார்த்துப் பயந்துபோவார்கள். கணினிக்கு எந்தக் குறையும் இல்லை. எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருக்கும் ஒரு பார்ட்டிஷன் இப்போது அந்தப் பெயரில் இல்லை, அவ்வளவுதான். அது வரும் வரும் என்று பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி 90 நொடி பார்த்துவிட்டுக் கைவிடுகிறது.

பெரும்பாலும் குற்றவாளி ஸ்வாப். ஒவ்வொரு முறை எம்கேஸ்வாப் செய்யும்போதும் அந்தப் பார்ட்டிஷனுக்குப் புது யுயுஐடி வந்துவிடும். ஒரே கணினியில் இரண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்: இரண்டாவதை நிறுவும்போது நிறுவி ஸ்வாப்பைப் புதிதாக ஃபார்மட் செய்துவிடும், முதலாவது பழைய எண்ணைத் தேடிக்கொண்டு நிற்கும்.

பிஎல்கேஐடி கட்டளை இப்போதைய யுயுஐடிகளைக் காட்டும். பக்கத்தில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். பொருந்தாத வரியில் புது எண்ணைப் போடுங்கள். அந்த ஸ்வாப்பே வேண்டாம் என்றால் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி.

இதைச் சரிசெய்த பிறகும் ஆரம்பக் கட்டத்திலேயே அரை நிமிடம் தாமதம் இருந்தால், ஹைபர்னேட்டிலிருந்து மீள்வதற்கான குறிப்பு பழைய ஸ்வாப்பைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கோப்புறைக்குள் கான்ஃப்.டி என்ற கோப்புறையில் ரெஸ்யூம் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் புது யுயுஐடியைக் கொடுங்கள், அல்லது நன் (எதுவும் வேண்டாம்) என்று எழுதுங்கள். பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்ட வேண்டும். அது ஓடாமல் கோப்பை மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது.

எப்போதாவது மட்டும் செருகும் வெளி வட்டின் வரியும் எஃப்எஸ்டேப்பில் இருந்தால், அதன் தேர்வுகளில் நோஃபெயில் என்று சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: படிக்கும் வேகம் பரவாயில்லை, எழுதும்போது மட்டும் படுத்துகிறது

2011 வாக்கிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் செக்டார்களைப் பயன்படுத்துகின்றன, வெளியே 512 பைட் என்று சொல்லிக்கொள்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கருவிகள் முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டாரில் தொடங்கும். 63 எட்டால் வகுபடாது. ஆகவே கோப்பு முறைமை எழுதும் ஒவ்வொரு 4 கேபி துண்டும் வட்டின் இரண்டு உண்மையான செக்டார்களில் பிரிந்து விழும். வட்டு அவற்றைப் படித்து, திருத்தி, அடுத்த சுற்று வரும்வரை காத்திருந்து எழுத வேண்டும். பழைய கணினியில் புதிய வட்டைப் போட்டு, பழையதை அப்படியே குளோன் செய்தவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

எஃப்டிஸ்க் பட்டியலில் தொடக்க எண் 2048 அல்லது 8-ஆல் வகுபடும் வேறு எண் என்றால் பிரச்சினை இல்லை. 63 என்று இருந்து, மேலே செக்டார் அளவு 512, 4096 என்று இரண்டு எண்ணாக வந்தால் பார்ட்டிஷனைப் புதிதாக உருவாக்கித் தரவைத் திரும்ப நகலெடுப்பதே வழி. இரண்டும் 512 என்றால் அந்த வட்டுக்கு இது பொருட்டில்லை, விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வட்டு நிரம்பவில்லை என்கிறது, ஆனால் இடமில்லை என்றும் சொல்கிறது

டிஎஃப் கட்டளையை ஐ தேர்வுடன் ஓட்டுங்கள். ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு இடங்கள்) 100 சதவீதம் தொட்டிருந்தால் லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் எங்கோ குவிந்திருக்கின்றன. ஈஎக்ஸ்டி4-ல் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுவது. குவிந்த கேஷை அழியுங்கள். பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்து நிரம்பியிருந்தால் பழைய கர்னல்கள். ஏபிடி ஆட்டோரிமூவ் போதும். ஜர்னல் பதிவுகள் பெருத்திருந்தால் ஜர்னல்சிடிஎல்லின் வேக்கம் தேர்வு.

ஈஎக்ஸ்டி4 ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கிறது. 200 ஜிபி ஹோமில் அது 10 ஜிபி. ஹோமிலும் தரவுப் பார்ட்டிஷனிலும் டியூன்2எஃப்எஸ் கொண்டு 1 சதவீதமாக்கலாம், மவுண்ட் ஆகி (சிஸ்டத்தோடு இணைந்து) இருக்கும்போதே செய்யலாம். ரூட்டில் மட்டும் தொடாதீர்கள். அங்கே கொஞ்சம் காலி இடம் இருந்தால்தான் புதுக் கோப்புகள் சிதறாமல் எழுதப்படும்.

அறிகுறி: சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன், பூட் வேகமானது, மற்றதெல்லாம் பழையபடிதான்

டிவிடி டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் கேடி (வட்டைத் தாங்கும் சட்டம்) வைத்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு, அசல் இடத்தில் 120 ஜிபி எஸ்எஸ்டி மாட்டுவது பலரும் செய்வது, மிக நல்ல செலவும்கூட. பழைய சாட்டா 2 இணைப்பு நொடிக்கு 300 எம்பியைத் தாண்ட விடாது என்று தயங்க வேண்டாம். தேடும் நேரம் 18 மில்லிநொடியிலிருந்து 0.1 மில்லிநொடிக்கு இறங்குவதில்தான் ஆதாயம்.

தவறு நடப்பது அடுத்த படியில். ரூட்டை எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு ஹோமை முழுசாக ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டுவிடுகிறார்கள். உலாவியின் புரொஃபைல், கேஷ், டெஸ்க்டாப்பின் அமைப்புகள், சிறுபடங்கள் எல்லாம் ஹோமில் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புறைகளில்தான் இருக்கின்றன. நாள் முழுக்க வட்டைத் தொந்தரவு செய்பவை அவைதான். ஆகவே ஹோமையும் எஸ்எஸ்டியில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கை டேட்டா என்ற பெயரில் மவுண்ட் செய்து, படங்கள், வீடியோக்கள், பதிவிறக்கங்கள் ஆகிய கோப்புறைகளை மட்டும் அங்கே நகர்த்தி, ஹோமிலிருந்து சிம்லிங்க் (குறுக்குவழி) கொடுங்கள். ஒரு திரைப்படத்தை ஓட்ட ஹார்ட் டிஸ்க்கின் வேகம் தாராளம்.

எஸ்எஸ்டியில் வெளி ஓரம், உள் ஓரம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. பார்ட்டிஷன் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் எஃப்எஸ்டிரிம் டைமர் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். வாரம் ஒரு முறை போதும்.

அறிகுறி: விண்டோஸுடன் பகிரும் பார்ட்டிஷனைத் தொட்டால் மட்டும் மந்தம்

என்டிஎஃப்எஸ்-3ஜி கர்னலுக்கு வெளியே ஓடுவதால் பழைய பிராசசரை நன்றாகவே உறிஞ்சும். கோப்பு நகலெடுக்கும்போது டாப் கட்டளையில் அதன் பெயர் மேலே வந்தால் இதுதான். கர்னல் 5.15-லிருந்து என்டிஎஃப்எஸ்3 என்ற உள் இயக்கி இருக்கிறது, எஃப்எஸ்டேப்பில் வகையை அப்படி மாற்றிப் பார்க்கலாம். பார்ட்டிஷன் படிக்க மட்டும் முடிகிற நிலையில் மவுண்ட் ஆனால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்து முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். விண்டோஸே இல்லாத கணினியில் தரவை என்டிஎஃப்எஸ்ஸில் வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

நம் 320 ஜிபி மடிக்கணினிக்கு, ஒரே வட்டு, விண்டோஸ் இல்லை என்றால் நான் போடும் அமைப்பு இது: வட்டின் தொடக்கத்தில் 40 ஜிபி ரூட், அதற்குள் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு, ஒட்டினாற்போல் 40 ஜிபி ஹோம், மிச்சம் முழுவதும் தரவு. மூன்றும் ஈஎக்ஸ்டி4, மவுண்ட் தேர்வில் நோஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்காதே). 2009-லிருந்து கர்னலின் இயல்பு, அந்த நேரத்தை எப்போதாவது மட்டும் குறிக்கும் ரிலேடைம் என்பதால் இந்தக் கடைசி மாற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் கெடுதலும் இல்லை. மூன்றே பார்ட்டிஷன் என்பதால் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணையின் நான்கு பிரைமரி எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். முடித்ததும் அதே விஎம்ஸ்டாட்டை அதே டேப்களுடன் ஓடவிட்டு டபிள்யூஏ பத்தியைப் பழைய எண்ணுடன் ஒப்பிடுங்கள். குறையவில்லை என்றால் மேலே முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். 2 ஜிபி ரேமில் பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும்.